வேர்ட்பிரஸ் பிளாக்குகளை பிளக்இன் வைத்து நிர்வகிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் தளத்தைக் கட்டிக் கொடுப்பார், நாலைந்து பேர் அதில் எழுதுவார்கள். பள்ளி, சிற்றிதழ், சின்ன மருத்துவமனை, ஊர்ச் சங்கம் என்று பெரும்பாலான வேர்ட்பிரஸ் தளங்கள் இப்படித்தான் நடக்கின்றன. கட்டியவருக்கு அமைப்பு கலையக் கூடாது, எழுதுகிறவருக்கு வேலை சுலபமாக முடிய வேண்டும். இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். மெனு, பட்டன் பெயர்கள் ஆங்கில டேஷ்போர்டில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் இருக்கின்றன.

பிளாக் என்றால் என்ன, அது எங்கே சேமிக்கப்படுகிறது?

2018 டிசம்பர் 6 அன்று வந்த வேர்ட்பிரஸ் 5.0 முதல், எடிட்டரில் நீங்கள் இடும் ஒவ்வொரு பத்தியும் படமும் தலைப்பும் பட்டியலும் தனித்தனி பிளாக். ஆனால் டேட்டாபேஸில் பிளாக்குகளுக்கென்று தனி அட்டவணை கிடையாது. ஒரு பதிவின் எல்லா பிளாக்குகளும் சேர்ந்து ஒரே நீண்ட உரையாக, பதிவின் உள்ளடக்கப் புலத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னும் பின்னும் ஒரு ஹெச்டிஎம்எல் கமென்ட், அதாவது வாசகருக்குத் தெரியாத குறிப்பு, இருக்கும். பிளாக்கின் பெயரும் அமைப்புகளும் அதற்குள்தான். எடிட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு எம் விசையை அழுத்தினால் கோட் எடிட்டர் திறக்கும், நீங்களே பார்க்கலாம். ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். கீழே சொல்லப்போகிற பாதி விஷயம் அப்போதே புரிந்துவிடும்.

பிளாக்குகளில் இரண்டு வகை உண்டு. பத்தி, படம், மேற்கோள் போன்றவை நிலையானவை, அவற்றின் முழு ஹெச்டிஎம்எல்லும் பதிவுக்குள்ளேயே சேமிக்கப்படும். அண்மைப் பதிவுகள், பதிவுகளைப் பட்டியலிடும் குவெரி லூப் போன்றவை அப்படியல்ல. பெயரும் அமைப்பும் மட்டும் சேமிக்கப்பட்டு, யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் சர்வர் அவற்றைப் புதிதாக உருவாக்கும். பிளக்இன், அதாவது வேர்ட்பிரஸோடு கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள், எதைத் தேர்வது என்று பார்க்கும்போது இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

எடிட்டரிலேயே இவ்வளவு வசதி இருக்கும்போது பிளக்இன் எதற்கு?

பல தளங்களுக்குத் தேவையே இல்லை. பிளாக்குகளை வரிசையாகப் பார்த்து இழுத்து நகர்த்த லிஸ்ட் வியூ இருக்கிறது, ஷிஃப்ட், ஆல்ட், ஓ அழுத்தினால் வரும். பல பிளாக்குகளைக் குழுவாக்கிப் பெயர் வைக்கலாம், பூட்டலாம், திரும்பத் திரும்ப எடுத்துப் போட ஒரு பேட்டர்னாகச் சேமிக்கலாம். 2025 டிசம்பரில் வந்த 6.9 முதல் ஒரு பிளாக்கை அழிக்காமல் வாசகர் கண்ணிலிருந்து மறைத்து வைக்கவும் முடியும்.

மூன்று வேலைகளுக்கு மட்டும் எடிட்டர் போதாது. யார் எந்த பிளாக்கைப் பயன்படுத்தலாம் என்று பொறுப்பு வாரியாக வகுப்பது ஒன்று. இந்த நாள் முதல் இந்த நாள் வரை, இன்னாருக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டுக் காட்டுவது இன்னொன்று. எந்த பிளாக் எங்கெங்கே பயன்பட்டிருக்கிறது என்று கணக்கெடுப்பது மூன்றாவது. இவற்றுக்கு பிளக்இன் போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. புதுப்புது பிளாக்குகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பிளக்இன்கள்தான் யோசித்துப் போட வேண்டியவை. அதைத் தனிக் கேள்வியாகக் கீழே பார்ப்போம்.

எழுதுகிறவர்களுக்கு வேண்டாத பிளாக்குகளை மறைப்பது எப்படி?

எடிட்டரின் மூன்று புள்ளி மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் பிளாக்ஸ் பகுதிக்குப் போய் வேண்டாததன் டிக்கை எடுத்துவிடலாம். ஆனால் அது உங்கள் கணக்குக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் மறைத்தது பக்கத்து நாற்காலியில் எழுதுகிறவருக்கு அப்படியே தெரியும். “நான் எடுத்துவிட்டேனே, அவருக்கு ஏன் வருகிறது?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தளம் முழுக்கப் பொருந்த வேண்டுமானால் பப்ளிஷ்பிரஸ் பிளாக்ஸ் நல்ல பிளக்இன். முன்பு அட்வான்ஸ்டு குட்டன்பெர்க் என்ற பெயரில் இருந்தது. எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் எந்தெந்த பிளாக் என்று அதில் டிக் போட்டுவிடலாம். குறியீடு எழுதத் தெரிந்தவர்கள், அனுமதிக்கப்பட்ட பிளாக்குகளின் பட்டியலை மாற்ற வேர்ட்பிரஸ் தரும் ஃபில்டர் மூலம் சில வரிகளில் இதையே செய்துகொள்ளலாம்.

எதை விட்டுவைப்பது? கட்டுரை எழுதுகிறவருக்குப் பத்தி, தலைப்பு, பட்டியல், மேற்கோள், படம், கேலரி, அட்டவணை, யூடியூப் போன்ற எம்பெட், பிடிஎஃப் இணைக்க ஃபைல் பிளாக், இவ்வளவு இருந்தால் போதும். ஸ்பேசரை நான் கட்டாயம் மறைக்கச் சொல்வேன். அந்த பிளாக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வரை, இரண்டு பத்திக்கு நடுவே ஒருவர் 20 பிக்சல் விடுவார், இன்னொருவர் 100 விடுவார். ஆறு மாதம் கழித்து ஒரு பக்கம் போல இன்னொரு பக்கம் இருக்காது. இடைவெளியைத் தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தீம் முடிவு செய்யட்டும். காலம்ஸ், கவர் இரண்டும் முகப்பைக் கட்டுகிறவருக்கு வேண்டியவை, கட்டுரையாளருக்கு அல்ல.

இப்படி அனுமதியை எடுப்பதால் ஏற்கெனவே பக்கங்களில் இருக்கிற பிளாக்குகள் காணாமல் போகாது. புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது.

ஆத்தர் பொறுப்பில் இருப்பவர் கஸ்டம் ஹெச்டிஎம்எல் பிளாக்கில் போட்ட கூகுள் மேப், சேமித்ததும் மறைந்துவிடுகிறதே?

பிளாக் பழுதாகவில்லை. மேப்பைக் கொண்டுவரும் ஐஃப்ரேம், ஸ்கிரிப்ட் போன்ற டேக்குகளைச் சேமிக்கும் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் உண்டு. ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஓடும் மல்டிசைட் என்றால் சூப்பர் அட்மினுக்கு மட்டும். மற்றவர்கள் சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் அவற்றை உருவி எடுத்துவிடும். இது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது, இதைத் தளர்த்த ஒரு பிளக்இன் தேடாதீர்கள். மேப்பை அந்த உரிமை உள்ளவர் ஒரு சிங்க்டு பேட்டர்னாக (அடுத்த கேள்வியில் விளக்கம்) செய்து வைக்கட்டும், ஆத்தர் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே அறிவிப்பு இருபது பக்கங்களில் வர வேண்டும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறுமா?

மாறும். அதற்குத்தான் சிங்க்டு பேட்டர்ன். 2023 ஆகஸ்டில் 6.3 வருகிற வரைக்கும் இதன் பெயர் ரியூசபிள் பிளாக். பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

வேண்டிய பிளாக்குகளைத் தேர்ந்து, மூன்று புள்ளி மெனுவில் கிரியேட் பேட்டர்ன் கொடுங்கள். பெயர் கேட்கும் பெட்டியில் சிங்க்டு என்ற தேர்வை ஆன் செய்து வையுங்கள். இப்போது நடப்பது என்னவென்றால், அந்த உள்ளடக்கம் தனிப் பதிவாகச் சேமிக்கப்படுகிறது. உங்கள் இருபது பக்கங்களிலும் அந்தப் பதிவின் எண் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் மூலத்தைத் திருத்தினால் இருபதும் மாறுகின்றன.

பள்ளித் தளத்தில் கட்டண அலுவலக நேரம், மருத்துவமனைத் தளத்தில் அவசரத் தொலைபேசி எண், இதழில் சந்தா விவரம், இவையெல்லாம் சிங்க்டு பேட்டர்னில்தான் இருக்க வேண்டும். பக்கம் பக்கமாகக் காப்பி அடித்து ஒட்டி வைத்தால், எண் மாறும் நாளில் ஒரு பக்கமாவது விட்டுப்போகும். அவசரத்துக்குக் கூப்பிடுகிறவர் அந்தப் பக்கத்தையே திறக்கக்கூடும்.

ஒரு பக்கத்தில் மட்டும் வித்தியாசமாக வேண்டுமென்றால் டிடாச் கொடுத்து அங்கே சாதாரண பிளாக்குகளாக்கிக் கொள்ளலாம். வடிவம் ஒன்றாகவும் வாசகம் வேறாகவும் இருக்க வேண்டும் என்றால், 2024 ஜூலையில் வந்த 6.6 முதல் ஓவர்ரைட்ஸ் என்ற வசதி இருக்கிறது. பேட்டர்னுக்குள் உள்ள தலைப்பு, பத்தி, பட்டன், படம் ஆகியவற்றில் எது பக்கத்துக்குப் பக்கம் மாறலாம் என்று பெயரிட்டுக் குறித்துவிட்டால் போதும். நிகழ்ச்சி அறிவிப்புப் பெட்டிக்கு மிகவும் பொருத்தமான வசதி.

அந்தப் பேட்டர்னை யார் வேண்டுமானாலும் திருத்திவிட முடியுமா?

முடியாது. கான்ட்ரிபியூட்டர் பேட்டர்னைப் பயன்படுத்தலாம், உருவாக்க முடியாது. ஆத்தர் உருவாக்கலாம், தான் உருவாக்கியதைத் திருத்தலாம். பிறர் உருவாக்கியதைத் தொட எடிட்டர் பொறுப்பாவது வேண்டும். ஆகவே முக்கியமான பேட்டர்ன்களை அட்மின் கணக்கிலிருந்தே உருவாக்குங்கள்.

பேட்டர்ன் பெருகிவிட்டால் ரியூசபிள் பிளாக்ஸ் எக்ஸ்டென்டட் என்ற பிளக்இன் கைகொடுக்கும். பேட்டர்ன்களை டேஷ்போர்டு மெனுவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றும் எங்கே பயன்பட்டிருக்கிறது என்றும் காட்டும். எதையாவது அழிக்கும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

தெரியாமல் ஒரு சிங்க்டு பேட்டர்னை அழித்துவிட்டோம். எல்லாப் பக்கத்திலும் அந்த இடம் காலியாக இருக்கிறது.

முதல் வேலையாகப் பேட்டர்ன் பட்டியலில் ட்ராஷ் பகுதியைப் பாருங்கள். அங்கே இருந்தால் ரீஸ்டோர் கொடுங்கள். அது டிராஃப்டாகத்தான் திரும்பி வரும், திறந்து பப்ளிஷ் கொடுத்தவுடன் எல்லாப் பக்கமும் தானாகச் சரியாகிவிடும், எண் பழைய எண்தான். அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கினால் பயனில்லை. பக்கங்கள் தேடுவது பெயரையல்ல, எண்ணை. ட்ராஷிலும் இல்லையென்றால் பேக்கப்பைத்தான் நாட வேண்டும்.

சேர்க்கை அறிவிப்பு ஜூன் மாதம் மட்டும் தெரிய வேண்டும், சில பகுதிகள் உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். எப்படி?

பிளாக் விசிபிலிட்டி என்ற இலவச பிளக்இன் இதற்கென்றே இருக்கிறது. எந்த பிளாக்கைத் தேர்ந்தாலும் வலப்பக்கப் பட்டியில் அதற்கென ஒரு பகுதி வரும். தேதி, நேரம், பயனரின் பொறுப்பு, திரை அளவு என்று நிபந்தனைகளை அங்கே கொடுக்கலாம். பயன்படுத்தும் முன் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் நேர மண்டலத்தை முதலில் பாருங்கள். அது யுடிசி (உலகப் பொது நேரம்) நிலையிலேயே இருந்தால், காலை 9 மணிக்கு என்று நீங்கள் வைத்த அறிவிப்பு இந்தியாவிலும் இலங்கையிலும் பிற்பகல் 2.30-க்குத்தான் வரும். கொல்கத்தா அல்லது கொழும்பு என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

அப்புறம் கேஷ். கேஷ் பிளக்இன் ஒரு பக்கத்தை ஒருமுறை உருவாக்கி, அதையே எல்லோருக்கும் நீட்டும். அதனால் ஜூலை 1 அன்றும் ஜூன் அறிவிப்பு நிற்கலாம். அப்படிப்பட்ட பக்கங்களைக் கேஷிலிருந்து விலக்குங்கள், அல்லது கேஷின் ஆயுளைச் சில மணி நேரமாகக் குறையுங்கள்.

தேதி, பொறுப்பு ஆகிய நிபந்தனைகளில் மறைக்கப்பட்ட பிளாக் வாசகரின் கணினிக்கே அனுப்பப்படாது. திரை அளவு நிபந்தனை அப்படியல்ல. மொபைலில் மறைக்கச் சொன்ன படம் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் இருக்கத்தான் செய்யும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் அதைக் காட்டாமல் வைக்கிறது, அவ்வளவே. கைபேசிக்குப் பக்கம் லேசாகும் என்று நினைத்து இதைச் செய்யாதீர்கள்.

நான்காவதுதான் பெரிய விஷயம். இந்த பிளக்இனை நிறுத்தினால் மறைத்து வைத்த அத்தனையும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். மறைக்கச் சொல்லும் குறிப்பு பிளாக்கில் இருக்கும், ஆனால் அதைப் படித்து மறைக்க ஆள் இருக்காது. ஏதோ கோளாறைக் கண்டுபிடிக்க எல்லா பிளக்இனையும் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பது வழக்கம்தானே, அந்த ஒரு நிமிடம் போதும். மாணவர் மதிப்பெண், நோயாளி விவரம், உறுப்பினர் முகவரி போன்றவற்றை ஒருபோதும் இப்படி மறைத்து வைக்காதீர்கள். அவற்றின் இடம் பொதுப் பக்கம் அல்ல.

முகப்பின் அமைப்பு கலையாமல் பூட்டி வைக்க முடியுமா?

முடியும், பிளக்இன் வேண்டாம். 2022 மே மாதம் வந்த 6.0 முதல் ஒவ்வொரு பிளாக்கின் மெனுவிலும் லாக் இருக்கிறது. நகர்த்த முடியாமலும் நீக்க முடியாமலும் பூட்டலாம். குழு பிளாக் என்றால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பூட்டு போடலாம். எழுத்தைத் திருத்துவது தடைபடாது. ஆனால் எடிட்டரைத் திறக்க முடிந்தவர் பூட்டையும் திறக்கலாம். கை தவறி நேரும் சேதத்தைத் தடுக்கும், வேண்டுமென்றே மாற்றுகிறவரைத் தடுக்காது. திறக்கும் உரிமையை அட்மினுக்கு மட்டும் வைக்கச் சிறு குறியீடு எழுத வேண்டியிருக்கும்.

ஸ்பெக்ட்ரா, கேடன்ஸ் பிளாக்ஸ், ஸ்டேக்கபிள், ஜெனரேட்பிளாக்ஸ் போன்ற பிளாக் தொகுப்புகளைப் போடலாமா?

நான்கும் பலர் பயன்படுத்தும் தொகுப்புகள்தான், தரத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றைக் கொண்டு எழுதிய ஒவ்வொரு பக்கமும் அந்தத் தொகுப்போடு கட்டுண்டு போகிறது. நிபந்தனை பிளக்இனை மாற்றினால் அமைப்புகளைத் திரும்பச் செய்தால் போதும். பிளாக் தொகுப்பை மாற்றினால் பக்கங்களையே திரும்பக் கட்ட வேண்டும். ஐந்து வருடம் ஓடிய ஒரு தளத்தில் அது எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: கட்டுரைகளை வேர்ட்பிரஸின் சொந்த பிளாக்குகளில் மட்டும் எழுதுங்கள். முகப்பு, சேவைப் பட்டியல் போன்ற நாலைந்து பக்கங்களுக்கு ஒரு தொகுப்பு வேண்டுமென்றால் போடலாம், ஆனால் ஒன்றே ஒன்று. ஒரு டேப், ஒரு கவுன்ட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுப்பு சேர்ந்துகொண்டே போனால் பக்கமும் கனக்கும், அப்டேட் நாளில் எது எதை உடைத்தது என்று தேடவும் வேண்டும்.

பிளக்இன் தேடும் முன் வேர்ட்பிரஸிலேயே இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேள்வியைத் தட்டினால் பதில் விரியும் அமைப்புக்கு ஒரு காலத்தில் பிளக்இன் வேண்டியிருந்தது. 6.3-இல் டீடெய்ல்ஸ் பிளாக் வந்தது, 6.9-இல் அக்கார்டியன் பிளாக்கும் வந்துவிட்டது. அடிக்குறிப்பும் 6.3 முதல் உள்ளேயே இருக்கிறது.

போடுவது என்று முடிவு செய்தால் முதலில் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டில் போட்டுப் பாருங்கள். ஹோஸ்டிங் எதுவும் இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே ஒரு வேர்ட்பிரஸ் ஓடும். அங்கே ஒரு பக்கம் கட்டி, பிளக்இனை நிறுத்தி, பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்தும் படமும் சுமாராகவாவது மிஞ்சினால் நம்பிப் போடலாம். வெறுமையாகிவிட்டால் வேண்டாம். பிளக்இன் பக்கத்தில் கடைசி அப்டேட் எப்போது, எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதித்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பிளாக் பிளக்இனை நிறுத்தினால் உள்ளடக்கம் போய்விடுமா?

நிலையான பிளாக் என்றால் எழுத்து அப்படியே இருக்கும், அலங்காரம் மட்டும் போகும். சர்வர் உருவாக்கும் வகை என்றால் அந்த இடம் காலியாகும். எடிட்டரில் திறந்தால், இந்த பிளாக்குக்கு உங்கள் தளத்தில் ஆதரவு இல்லை என்ற செய்தி வரும். ஹெச்டிஎம்எல்லாக மாற்றவா, நீக்கவா என்றும் கேட்கும். எதையும் தொடாமல் அப்படியே விடுவதுதான் நல்லது. பிளக்இனைத் திரும்ப ஆன் செய்தால் பிளாக் பழையபடி உயிர்பெறும். ஹெச்டிஎம்எல்லாக மாற்றிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

“எதிர்பாராத அல்லது செல்லாத உள்ளடக்கம்” என்று ஒரு பிளாக்கில் செய்தி வருகிறதே?

பதிவில் சேமித்திருக்கும் ஹெச்டிஎம்எல்லும், பிளாக் இப்போது உருவாக்க நினைக்கும் ஹெச்டிஎம்எல்லும் ஒத்துப்போகாதபோது இது வரும். யாராவது கோட் எடிட்டரில் கை வைத்திருப்பார்கள், அல்லது பிளக்இன் அப்டேட்டில் பிளாக்கின் அமைப்பு மாறியிருக்கும். வாசகருக்குப் பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. அட்டெம்ப்ட் ரிகவரி கொடுத்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் அன்டூ செய்துகொள்ளலாம். ஒரே அப்டேட்டுக்குப் பிறகு பல பக்கங்களில் வந்தால் எதையும் சேமிக்காமல் அந்த பிளக்இனின் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள்.

எந்தெந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட பிளாக் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு பிளக்இன்கள் உண்டு. ஆனால் ஒரு பிளாக்கை மட்டும் தேட டேஷ்போர்டின் தேடல் பெட்டியே போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பதிவுப் பட்டியலில் உள்ள தேடல், உள்ளடக்கத்தில் இருக்கும் கமென்ட்டுகளையும் சேர்த்தே தேடுகிறது. ஆங்கிலத்தில் டபிள்யூ, பி, முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் பிளாக்கின் பெயர் என்று அடித்துத் தேடுங்கள். அந்த பிளாக் உள்ள பதிவுகள் மட்டும் வரும். பிளக்இன் பிளாக் என்றால் முக்காற்புள்ளிக்குப் பிறகு பிளக்இனின் முன்னொட்டையும் ஒரு சாய்கோட்டையும் சேர்க்க வேண்டும். சரியான பெயரைக் கோட் எடிட்டரில் பார்த்துக்கொள்ளலாம். பக்கங்கள், பேட்டர்ன்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே தேடுங்கள்.

குட்டன்பெர்க் என்ற பெயரிலேயே ஒரு பிளக்இன் இருக்கிறதே, அதைப் போட வேண்டுமா?

வேண்டாம். குட்டன்பெர்க் என்பது பிளாக் எடிட்டரின் திட்டப்பெயர். அடுத்த வேர்ட்பிரஸ் பதிப்புக்கான வசதிகளை முன்கூட்டியே சோதிப்பதற்கான பிளக்இன் அது. வாசகர் வந்துபோகும் தளத்தில் அதற்கு வேலையில்லை.

தமிழ்த் தளங்களுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளை பிளாக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருவை மாற்றி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், கூகுளுக்கும் அது குவியலாகவே தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

பிளாக்குக்கு பிளாக் எழுத்துரு மாற்றும் வசதியையும் எழுதுகிறவர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். 2024 ஏப்ரலில் வந்த 6.5 முதல் ஃபான்ட் லைப்ரரி இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று ஏதாவது ஒன்றை அங்கே சேர்த்து ஸ்டைல்ஸில் ஒரே இடத்தில் அமைத்துவிடலாம். வரி இடைவெளியையும் அங்கேயே சற்றுக் கூட்டி வையுங்கள். மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்துகளுக்கு ஆங்கில அளவு போதாது. பத்தி பிளாக்கில் முதலெழுத்தைப் பெரிதாக்கும் டிராப் கேப் என்ற வசதியை ஆன் செய்யும்போது, முதலெழுத்தின் கொம்பும் காலும் பிரியாமல் வருகிறதா என்று கைபேசியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தளத்தின் பக்கத்தை இன்னொரு தளத்துக்கு அப்படியே எடுத்துப் போகலாமா?

கோட் எடிட்டரில் எல்லாவற்றையும் காப்பி செய்து அங்கே ஒட்டலாம். ஆனால் சிங்க்டு பேட்டர்ன் இருந்தால் எண் மட்டும்தான் போகும், அந்த எண்ணில் அங்கே எதுவும் இருக்காது, அல்லது வேறு ஏதாவது இருக்கும். எனவே காப்பி எடுக்கும் முன் டிடாச் செய்துவிடுங்கள். எடுத்து முடித்ததும் இங்கே சேமிக்காமல் வெளியேறினால் மூலப் பக்கம் மாறாது. பேட்டர்னையே எடுத்துப் போக வேண்டுமென்றால், பேட்டர்ன் பட்டியலில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஜேசன் கோப்பாக இறக்கி, அங்கே இம்போர்ட் செய்துகொள்ளலாம். படங்களின் முகவரி மட்டும் பழைய தளத்தையே காட்டும். அவற்றைப் புதிய தளத்தின் மீடியாவில் ஏற்றி, ஒவ்வொரு பட பிளாக்கிலும் ரீப்ளேஸ் கொடுத்து மாற்றுங்கள்.